அவள் கையில் சிவந்த செல்கள்

அவள்மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். என் வயதில் ஒருத்தி பழைய தோழியைப் பற்றி எழுதினால், அதெல்லாம் அந்த வயதின் அசட்டுத்தனம், இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது என்று முடிப்பதுதான் வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பேச்சை யாராவது எடுத்தால் இன்றைக்கும் வயிறு திகுதிகுவென்று எரிகிறது. காரணத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் நீங்களும் என் பக்கம் நிற்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நிற்காவிட்டாலும் போகட்டும், சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. கணையத்தில் இன்சுலின் செய்கிற செல்களை உடம்பே தேடித் தேடி அழித்துவிடுகிற வகை. ஊசி போட்டால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் பக்கம். சுற்றிலும் கரும்பு; பருவம் வந்தால் ஊரே வெல்லம் காய்ச்சும். அந்த வாசனைக்கு நடுவில் வெல்லத்தை நாக்கில் வைக்கக்கூடாத ஒரு பையன்.

அப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. இன்சுலின் புட்டியை பிளாஸ்டிக் உறையில் சுற்றி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைப்போம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். அம்மாவுக்குக் கை நடுங்கும். நைனா கரும்பு வெட்டுகிற ஆள், அரிவாளைப் பிடித்த கை. ஊசியைப் பார்த்தால் மட்டும் தெருவுக்குப் போய்விடுவார். அதனால் நான்தான் போடுவேன். ஒருநாள் தம்பி அழுகையோடு கேட்டான்.

"எப்பக்கா இத நிறுத்துவாங்கோ?"

"நான் படிச்சி நிறுத்தறேன்டா. வேற யாரும் வேணாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதற்குப் பிறகு நான் விலங்கியல் படித்ததற்கும் திருப்பதியில் ஆராய்ச்சியில் சேர்ந்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். அவன் ஊசி நிற்க வேண்டும். நிறுத்துகிற ஆள் நானாக இருக்க வேண்டும். இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். திருப்பதியில் மொட்டை போட்டவர்களுக்கு அடுத்தபடி அதிகம் கண்ணில் பட்டது கம்ப்யூட்டர் கோர்ஸ் போர்டுகள்தான். விசா கிடைக்க ஏழுமலையானுக்கு நேர்ந்துகொள்கிற பையன்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரு கண் மைக்ராஸ்கோப்பில், ஒரு கண் அமெரிக்காவில். சார், அதாவது எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், எடுத்துக்கொண்ட விஷயம் அப்போது புதிது. வளர்ந்து முடிந்த கணையத்துக்குள் ஜீரண நீரைக் கொண்டுபோகும் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களின் உள்சுவரில் இருக்கிற செல்களைப் பிரித்தெடுத்து, சரியான தீனி போட்டு வளர்த்தால், அவற்றில் சில பழைய வேலையை மறந்துவிட்டு இன்சுலின் செய்யக் கற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. பி.ஏ. வரலாறு முடித்த பையன் வேலை கிடைக்காமல் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டால், ஒருநாள் சர்க்கரை நோயாளிக்குள் அவற்றை வைக்கலாம். எனக்கு அந்த நோயாளியின் முகம் தெரியும்.

மனிதக் கணையத்துக்கு எங்கே போவது? ஆட்டுக் கணையம்தான். விடியற்காலையில் கறிக்கடைக்குப் போய், வெட்டின சூடு ஆறுவதற்குள் வாங்கி ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொழுப்பை எடுத்து, பொடியாக நறுக்கி, மருந்தில் கரைத்து, வடிகட்டி, குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி, மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் வளர்க்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும். அந்தத் தீனித் தண்ணீருக்கு மீடியம் என்று பெயர். கரண்ட் போனால் செத்துவிடும், பூஞ்சை விழுந்தால் செத்துவிடும், நாம் பக்கத்தில் நின்று தும்மினாலே போய்விடும். பல மாதம் என் தட்டுகளில் செல்கள் தரையில் கோலம் போட்ட மாதிரி தட்டையாகப் படுத்தே கிடந்தன. ஒன்றாகச் சேர்ந்து குட்டி உருண்டை ஆனால்தான் நல்ல சகுனம். ஆகவில்லை.

அவள் எனக்குப் பக்கத்து மேஜை. தெலுங்குக்காரி, திருப்பதியிலேயே பிறந்தவள், அவள் அப்பாவுக்குக் கோயில் பக்கம் ஒரு லாட்ஜ். அவளிடம் ஸ்கூட்டி இருந்தது. பாஸ்போர்ட் இருந்தது. காலேஜ் முதல் வருஷமே எடுத்து வைத்துவிட்டாளாம், எதற்கென்றே தெரியாமல்! ஆங்கிலம் பேசினால் யோசிக்காமல் பேசுவாள். நான் ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கிக்கொண்டு பேசுவேன். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் நல்லவளாகவும் இருந்ததுதான் தாங்கவில்லை. கறிக்கடைக்கு என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். ஆட்டுக் கணையம் அவள் காலடியில், நான் அவள் முதுகுக்குப் பின்னால். நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் ஒருவரை வெறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு வலிக்கும்.

இப்போது புரட்டாசிக்கு வருகிறேன்.

நான் ஆராய்ச்சியில் சேருவதற்கு முந்தின வருஷம் தம்பிக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறி, மூச்சு வாங்கி, நினைவு தப்பிவிட்டது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா திருமலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எப்படியும் புரட்டாசியில் கவுச்சி சாப்பிட மாட்டார்கள். அம்மா அதற்கு மேல் ஒரு படி ஏறிவிட்டாள். என் பிள்ளை பிழைத்தால் இந்த வீட்டு ஆட்கள் புரட்டாசி முழுக்கக் கவுச்சியைக் கையாலும் தொட மாட்டார்கள் என்றாள். தம்பி பிழைத்தான். கையால் தொடுவதையே வேலையாக நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று அன்றைக்கு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு முதல் புரட்டாசி நெருங்கியபோது ஊருக்குப் போய் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"துன்றதுக்கு இல்லம்மா. சும்மா வெச்சிக்கினு பாக்கறதுதான்."

"ஆட்டு கொடலத்தான?"

"கொடல் இல்ல, கணையம்."

"உள்ள கீறது எல்லாம் ஒண்ணுதான். அவன் உசிரு பெருமாள் கையில கீது. நீ தொடாத."

"இதுவும் அவனுக்குத்தாம்மா."

"அவனுக்குன்னா அவனுக்கோசரம் ஒரு மாசம் சும்மா இரு."

அம்மாவுக்குத் தெரியாமல் தொட்டிருக்கலாம் என்பீர்கள். திருப்பதிக்கும் பாலசமுத்திரத்துக்கும் நடுவில் எத்தனை மேடு பள்ளம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவன் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். தொட்டு, அவனுக்கு மறுபடியும் ஏதாவது ஆனால், எந்த மைக்ராஸ்கோப்பில் போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? நான் தொடவில்லை. மீடியத்தில் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சத்து வேறு கலந்திருக்கும். இதை அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை, சொன்னால் வருஷம் முழுக்க விரதம் வைத்துவிடுவாள். ஆக, தட்டுக்குத் தீனி மாற்றவும் வழியில்லை.

சாரிடம் சொன்னேன். அவர் தெலுங்கில் சிரித்தார். தெலுங்குக்காரர்களுக்குப் புரட்டாசி விரதம் கிடையாது. அவர்கள் விரதமெல்லாம் கார்த்திகையில். அவளும் சிரித்தாள். "சாமி இருக்கறது எங்க ஊரு, விரதம் மட்டும் உங்களுதா?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"ஏமே, கவலப்படாத. உன் தட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். சாகவிட மாட்டேன்."

என் தட்டுகளை அவள் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அந்த மாதம் சனிக்கிழமை தவறாமல் மலை ஏறினேன். வழியெல்லாம் எங்கள் பக்கத்து ஜனம், மஞ்சள் புடவை, நெற்றி நிறைய நாமம், கோவிந்தா கோவிந்தா என்று சத்தம். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் கீழே திருப்பதி முழுவதும் தெரியும். அங்கே அவள் என் தட்டைத் திறந்துகொண்டிருப்பாள் என்று நினைப்பேன். தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். என் தட்டுகள் சாகக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். நான் வருகிறவரை அவற்றில் ஒன்றும் நடந்துவிடவும் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். முதல் இரண்டையும் பெருமாள் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி முதல் தேதி தலைக்குக் குளித்துவிட்டு லேபுக்கு ஓடினேன். அவள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். குனிந்து பார்த்தேன். தட்டையாகக் கிடந்த செல்கள் திரண்டு உருண்டை உருண்டையாக நின்றன. இன்சுலின் இருக்கிற செல்லைச் சிவப்பாகக் காட்டுகிற சாயம் ஒன்று உண்டு. அதை விட்டிருந்தாள். உருண்டைகள் எல்லாம் மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தன.

தட்டின் மூடியில் என் கையெழுத்து. கறிக்கடையில் நான் நின்று வாங்கிய ஆடு. நான் பொறுக்கிய குழாய். சிவந்தது மட்டும் அவள் கையில்.

"பழைய மீடியம் சரியில்லன்னு தோணிச்சி, மாத்தினேன்" என்றாள். கன்றுக்குட்டிச் சத்தை நிறுத்திவிட்டு, இன்சுலினும் வேறு சில சத்துகளும் கலந்த ஒரு புட்டியை வாங்கி ஊற்றியிருக்கிறாள். "பாத்தியா நம்ம செல்ல!"

நம்ம செல் என்றாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். தம்பியை நினைத்து அடக்கிக்கொண்டேன். வாயில் வந்தது, "ரொம்ப சந்தோஷம்."

சாருக்கு அமெரிக்காவில் லேப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். இதே வேலைக்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டும். துறையில் எல்லோருக்கும் தெரியும், ஒரே இடம், எங்கள் இருவரில் ஒருத்தி. அங்கே மனிதக் கணையமே கிடைக்கும், கரண்ட் போகாது, பூஞ்சை விழாது. அங்கே போனால் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடலாம். சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அன்பாகத்தான் பேசினார். செல் யாருடையது என்பது முக்கியமில்லை, யார் தீனி போட்டு வளர்த்தார்களோ அவர்கள் பெயர்தான் கட்டுரையில் முன்னால் வரும் என்றார். நான் அந்த மாதத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "தம்பிக்கு நேர்த்திக்கடன்னு ஒரு மாசம் லேபை விட்டுப் போயிட்டம்மா நீ. தம்பியை விட்டு அமெரிக்காவுக்கா போகப் போற?"

போயிருப்பேன். தம்பிக்காகத் தம்பியை விட்டுப் போயிருப்பேன். இதை எப்படி அவருக்குத் தெலுங்கில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அவள் போனாள். ஏர்போர்ட்டுக்குப் போகும்போது கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவள் நினைத்த காரணத்துக்கு இல்லை.

நான் ஆராய்ச்சியை ஒருவழியாக முடித்துவிட்டுச் சித்தூரில் ஒரு தனியார் காலேஜில் இன்டர், அதாவது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வந்தேன். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்றாள். தம்பியும் நானும் வாடகை வீட்டில். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்தான். வருஷா வருஷம் கணையம் பாடம் வரும். கரும்பலகையில் அதைப் படமாக வரைந்து அந்தக் குழாய்களை இழுக்கும்போதெல்லாம் சாக்பீஸ் என் கையில் உடையும். பிள்ளைகள் நான் வேகமாக எழுதுவதால் உடைகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊரில் அத்தனை பேர் அமெரிக்கா போனார்கள், யாரைப் பார்த்தும் எனக்கு வயிறு எரியவில்லை. மென்பொருள் எழுதி வீடு கட்டினவனைப் பார்த்து எனக்கு என்ன? அவள் மட்டும்தான் என் வேலையை எடுத்துக்கொண்டு போனவள். அதைவிடக் கொடுமை, தம்பி அவள் பக்கம் போய்விட்டது. என்னிடம் விலாசம் வாங்கி, நெட் சென்டரில் உட்கார்ந்து அவளுக்கு மெயில் அனுப்புவான். அவளும் இரண்டு வரி பதில் போடுவாள். அவனுக்குக் கண்ணில் ரத்தம் கசிந்து லேசர் வைத்தபோது, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பரவால்லக்கா. அமெரிக்கா அக்கா செஞ்சிக்கினு கீறாங்க இல்ல, அது வந்துட்டா சரியாப் போயிடும்."

அமெரிக்கா அக்கா! பக்கத்தில் டிஸ்போசபிள் சிரிஞ்சோடு நிற்கிற அக்காவுக்கு அடைமொழி கிடையாது. அன்று மருந்து ஏற்றும்போது ஒரு நினைப்பு வந்தது. அவள் அதைக் கண்டுபிடித்தே விட்டால், இவன் ஊசி நின்றுவிட்டால், நான் சந்தோஷப்படுவேனா? படுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் தோற்றுவிட்டால்? ஊசியைப் போட்டேன்.

சில வருஷத்துக்குப் பிறகு அவள் பதில் போடுவது நின்றுவிட்டது. பெரிய ஆளாகிவிட்டாள், நேரம் இருக்காது என்று தம்பியிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் இனித்தது.

அப்புறம் ஒரு கோடையில் போன். மகனுக்கு மொட்டை போடத் திருமலைக்கு வந்திருக்கிறாளாம், காணிப்பாக்கத்தில் விநாயகரைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். புருஷனும் பிள்ளையும் காணிப்பாக்கத்திலேயே ரூமில் இருப்பார்கள், அவள் மட்டும்தான் வருவாள். தம்பி விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றான். நான் வீட்டுக்குள்ளேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். சித்தூர் வெயிலில் பட்டு! அவள் சாயம் போன பருத்திச் சேலையில் வந்து இறங்கினாள். அதிலும் தோற்றேன்.

முன் தலையில் நரை. முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. சமையலறைக்கே வந்து நின்றுகொண்டு, நான் புளி ஊற்றிச் செய்கிற கொஜ்ஜு எப்படி என்று கேட்டாள். தம்பிக்கு ஊசி போட்டு, மூன்று பேருக்கும் சாப்பாடு போட்டேன். அவன் முதல் கவளத்தைக்கூட எடுக்காமல் கேட்டுவிட்டான்.

"அக்கா, அது எப்ப வரும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"வராது தம்பி" என்றாள். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, கோர்வையில்லாமல், பாதி தமிழும் பாதி தெலுங்குமாகச் சொன்னாள். அங்கே போய் மனிதக் கணையத்தின் குழாய்ச் செல்களை வளர்த்தாள். அங்கேயும் சிவந்தன. ஒரு செல் சொந்தமாக இன்சுலின் செய்தால் கூடவே ஒரு சின்னத் துண்டு தனியாக உதிரும். அதைத் தேடினாள், ரொம்பக் கொஞ்சம்தான் கிடைத்தது. சர்க்கரையை ஊற்றிப் பார்த்தாள், நிஜச் செல் மாதிரி அவை அசையவே இல்லை. "நாம மீடியத்துல ஊத்தினோம் இல்ல, இன்சுலின்… செல்லு அத குடிச்சிட்டு செவந்திருக்கு. நம்ம திருப்பதி தட்டும் அதேதான். புட்டிய மாத்தினது நான்தான்."

"அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறமும் பாத்தேன். ரொம்ப நாள் பாத்தேன். அப்படியே செஞ்சாலும் உன் உடம்பு அதையும் அழிக்கும், அதுக்கு வேற ஒரு வழி வேணும். அந்த லேப்ல பணம் நின்னுச்சு. இப்ப நான் ஒரு கம்பெனில மூட்டு வலி மாத்திரைய டெஸ்ட் பண்றேன். வேற மாதிரி செல்ல வெச்சி வேற ஆளுங்க பண்ணிட்டு இருக்காங்க தம்பி. என்னிக்காவது வரும். நான் பண்ணது இல்ல."

"சரிக்கா" என்றான்.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. என் தட்டில் அவள் சிவக்க வைத்தது, என் இடத்தில் அவள் போய் உட்கார்ந்தது, எல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. உள்ளுக்குள் எங்கேயாவது ஒரு சின்ன நிம்மதி கிடைக்கும் என்று தேடினேன். வந்தது ஆத்திரம், அன்றைக்கு மைக்ராஸ்கோப் முன்னால் விழுங்கின அதே ஆத்திரம். கரண்டியைச் சோற்றுக்குண்டானில் போட்ட சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"இத்தினி வருஷமா உன்ன நெனச்சி நெனச்சி வயிறு எரிஞ்சிக்கினு கீறேன்டி நான். என் எடத்துல போன இல்ல? அதுக்காச்சும் நீ செஞ்சிருக்கணும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "தெரியும்" என்றாள். "அதான் மெயில் போடறத நிறுத்தினேன். உங்க ரெண்டு பேருக்கும் எந்த முகத்தோட எழுதறது?"

"அக்கா, அவங்கள துன்ன வுடு" என்றான் தம்பி என்னிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் தலை குனிந்திருந்தது. ஊசி போட்டு நேரமாகிவிட்டது, அவன் தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. உள்ளே போன இன்சுலின் சோற்றுக்காகக் காத்திருக்காது என்று அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"நீ துன்னுடா மொதல்ல" என்றேன். அதே நேரத்தில் அவளும் தெலுங்கில் அதையே, "முந்து நுவ்வு தினு நாயனா" என்றாள்.

அவன் நிமிர்ந்து, அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.